வீட்டுச் சமையலும் காற்றுப் பொரிப்பானும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. 'ஏர் ஃப்ரையர்' என்னும் மின்சாரக் கருவியை வாங்கலாமா, வேண்டாமா என்பதே அக்கேள்வி. அண்டை வீட்டில் ஒன்று வந்துவிட்டது. அலுவலகத்தில் உடன் பணியாற்றுவோர் அதைப் புகழ்ந்து பேசுகின்றனர். எண்ணெய் இல்லாமலே வடையும் பொரியும், வறுவலும் மொறுமொறுக்கும் என்று விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. வீட்டில் இரத்தக் கொதிப்போ நீரிழிவோ இருதய நோயோ உள்ள பெரியவர் ஒருவர் இருந்துவிட்டால், இது வெறும் ஆடம்பரப் பொருளைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை. மருத்துவர் விலக்கிவைத்த வடையை அவருக்கு மீண்டும் கொடுக்க இயலுமா என்ற ஆவலும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றது.

ஆகவே, இக்கருவி யாது, எவ்வாறு வேலை செய்கின்றது, நம் அன்றாடச் சமையலில் எதற்கு உதவும், எதற்கு உதவாது, எத்தகைய குடும்பம் இதை வாங்கலாம் என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பெயரில் உள்ள மயக்கம்

முதலில் பெயரைப் பார்ப்போம். ஏர் ஃப்ரையர் என்பதைக் காற்றுப் பொரிப்பான் என்று தமிழில் சொல்லலாம். சொல்லுக்குச் சொல் சரியாகவே இருக்கும். பொருள் சரியாக இருக்குமா என்பதுதான் வினா.

சமையலுக்கு உரிய வினைச்சொற்களில் தமிழ் வளம் மிகுந்த மொழி. ஆவியில் வேகச் செய்வது அவித்தல். சிறிது எண்ணெய் விட்டு மெல்லப் புரட்டுவது வதக்குதல். உலர்ந்த சூட்டிலோ, கொஞ்சம் எண்ணெயிலோ சிவக்கச் செய்வது வறுத்தல். தணலில் நேரே காட்டுவது சுடுதல்; அதையே சற்றுத் தள்ளிப் பிடித்து அனலில் செய்வது வாட்டுதல். அரிசியைச் சுடுமணலில் இட்டுப் பொரி செய்வதும் உண்டு; ஆயினும் அடுக்களையில் பொரித்தல் என்றால், காய்ந்த எண்ணெயில் பண்டம் மூழ்குமாறு இட்டு எடுப்பது என்றே நாம் யாவரும் பொருள் கொள்கின்றோம்.

ஆங்கிலத்திலோ வதக்குதல், வறுத்தல், பொரித்தல் ஆகிய மூன்றுக்கும் 'ஃப்ரை' என்ற ஒரே சொல் பொதுவாக வழங்குகின்றது. அச்சொல்லின் தாராளத்தால் இக்கருவிக்குப் 'பொரிப்பான்' என்ற பெயர் எளிதில் கிடைத்துவிட்டது. உண்மையில் இது செய்யும் வேலை, வேகமாகச் சுழலும் அனற்காற்றில் பண்டத்தை வாட்டுவதாகும். ஆதலின் இது பொரிக்கும் சட்டி அன்று, வாட்டும் அடுப்பு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கருவி பிறந்த கதை

சூடான காற்றைச் சுழலவிட்டுச் சமைக்கும் முறை புதிதன்று. 1940-களில் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் என்பவர் விசிறி பொருத்திய அடுப்பு ஒன்றை உருவாக்கினார். உறைய வைத்த உணவை விமானப் பயணத்தின்போது விரைவாகச் சூடாக்கித் தருவதே அதன் நோக்கம். பின்னர் விசிறியுள்ள பெரிய அடுப்புகள் ரொட்டிக் கூடங்களிலும் உணவு விடுதிகளிலும் பரவின. அம்முறையைச் சமையல் மேடையின்மேல் வைக்கத்தக்க சிறு பெட்டிக்குள் அடக்க முயன்றவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வேய். அவருடைய முயற்சியின் பயனாக 2010-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த மின்னணுப் பொருட் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃப்ரையரை அறிமுகம் செய்தது. இன்று பல நிறுவனங்கள் அதைச் செய்து விற்கின்றன. அமைப்பு பெரும்பாலும் ஒன்றே.

எவ்வாறு வேலை செய்கின்றது?

பெட்டியின் மேற்பகுதியில் மின்சாரத்தால் பழுக்கக் காயும் கம்பிச் சுருள் ஒன்று இருக்கின்றது. அதற்கு மேலே ஒரு விசிறி. கீழே, துளைகள் உள்ள கூடை. விசிறி, சுருளின் சூட்டை வாங்கிய காற்றைக் கூடையைச் சுற்றிலும் விரைவாகச் சுழலச் செய்கின்றது. பெட்டி சிறியதாதலால் ஓரிரு நிமிடங்களுக்குள் அது நன்கு சூடேறிவிடுகின்றது. பெரும்பாலான கருவிகளில் சூட்டை ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்த்தலாம்.

காற்று சுழல்வதால் என்ன நன்மை? ஆவி பறக்கும் காப்பியை ஊதினால் அது விரைவில் ஆறுகின்றது அல்லவா? காப்பியின் மேலே படிந்து நிற்கும் சூடான காற்றை நம் மூச்சு விலக்கிவிடுவதே காரணம். இங்கே அதே செயல் தலைகீழாக நிகழ்கின்றது. கூடையில் உள்ள கிழங்குத் துண்டைச் சுற்றி ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நிற்கும். விசிறி அதை ஓயாமல் விலக்கிப் புதிய சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. தில்லியில் வசிப்போர்க்கு இதை விளக்கவே வேண்டுவதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்று, அசைவற்ற வெயிலைக் காட்டிலும் எவ்வளவு விரைவில் உதட்டையும் தோலையும் உலர்த்திவிடுகின்றது என்பதை அவர்கள் அறிவார்கள்.

மேற்புறத்து ஈரம் போய், சூடு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டியதும், பண்டத்தில் உள்ள சர்க்கரைப் பொருளும் புரதப் பொருளும் கூடிப் பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. 1912-ஆம் ஆண்டு இந்த மாற்றத்தை விவரித்த பிரெஞ்சு வேதியியலறிஞர் லூயி காமில் மயார் பெயரால் இது மயார் வினை எனப்படும். தோசையின் சிவப்புக்கும் வறுவலின் வாசனைக்கும் இதுவே காரணம். தண்ணீரில் வேகும் பண்டம் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை; ஆகவே அது சிவப்பதும் இல்லை.

எண்ணெயும் இதே மாற்றத்தைத்தான் உண்டாக்குகின்றது. ஆயினும் எண்ணெய்க்கும் காற்றுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. 200 டிகிரி சூடுள்ள அடுப்பின் கதவைத் திறந்து, எதையும் தொடாமல், உள்ளே ஒரு நொடி கையை நீட்டி எடுத்தால் அனல் படுமேயன்றிக் கை வெந்துபோவதில்லை. 180 டிகிரியில் காய்ந்த எண்ணெய் ஒரு துளி தெறித்தாலோ கொப்புளம் எழுகின்றது. காற்றைவிட எண்ணெய் சூட்டைப் பன்மடங்கு விரைவாகப் பண்டத்துக்குள் செலுத்துகின்றது. இக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதெல்லாம் இந்த வேற்றுமையிலிருந்து பிறப்பதேயாகும்.

எவை நன்கு வரும்?

கெட்டியான உருவம் உடையவை, தம்முள் ஓரளவு ஈரம் உடையவை, மேலே மட்டும் உலர்ந்து சிவக்க வேண்டியவை ஆகிய பண்டங்கள் இதில் நன்றாக வரும். சேப்பங்கிழங்கு சிறந்த எடுத்துக்காட்டு. வடநாட்டுச் சந்தைகளில் அது 'அர்வி' என்ற பெயரில் கிடைக்கின்றது. அதை வேகவைத்துத் தோலுரித்து, உப்பும் மிளகாய்த் தூளும் மஞ்சளும் சிறிது அரிசி மாவும் சேர்த்து, நால்வருக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசிறி, 190 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டால், சட்டியில் வறுத்ததற்கு மிகவும் நெருங்கிய வறுவல் கிடைக்கும். உருளைக்கிழங்கும் சேனைக்கிழங்கும் காலிபிளவரும் அவ்வாறே. வெண்டைக்காய் வழவழப்பு நீங்கி உலர்ந்து வரும். அதை மோர்க்குழம்பில் சேர்க்கலாம். மீன் துண்டும் கோழித் துண்டும் பன்னீரும் நன்றாகச் சிவக்கும். நிலக்கடலை சீராக வறுபடும்.

கொத்சுக்கும் துவையலுக்கும் பெரிய கத்தரிக்காயைச் சுட வேண்டும். வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே உள்ளவர்களுக்கு இக்கருவி கைகொடுக்கும். தணலில் சுட்ட புகை மணம் மட்டும் வராது.

வேறொரு பயனும் உண்டு. அதைப் பலர் கருதுவதில்லை. மும்பை மழைக்காலத்தில் ஊரிலிருந்து வந்த முறுக்கும் தட்டையும் இரண்டு நாளில் நமுத்துப்போகின்றன. அவற்றை 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். முதல்நாள் வாங்கிய சமோசாவும் அவ்வாறே புத்துயிர் பெறும். மைக்ரோவேவ் அடுப்பு பண்டத்தில் உள்ள நீரைச் சூடாக்குவதால் இத்தகைய பண்டங்களைத் துவளச் செய்துவிடும். இதுவோ மேற்புறத்தை உலர்த்துகின்றது.

எவை வாரா?

மெதுவடை இதில் வராது. உளுந்து மாவு நெகிழ்ந்தது. எண்ணெயில் விழுந்த அந்த நொடியிலேயே சூடு நாற்புறமும் தாக்கி மேலே ஓடு கட்டிவிடுகின்றது. உள்ளே எழும் நீராவி அதைப் பஞ்சுபோல் உப்பச் செய்கின்றது. காற்றின் சூடு அவ்வளவு விரைவில் சேராது. ஓடு கட்டுவதற்கு முன்பே மாவு கூடையின் துளைகளில் வழிந்துவிடும். தாளின்மேலோ சிறு கிண்ணத்திலோ வார்த்து வைத்தால் வழியாது. ஆனால் கிடைப்பது உளுந்து ரொட்டியேயன்றி வடையன்று. பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் பக்கோடாவுக்கும் இதே நிலைதான். பூரி எண்ணெயில் மிதந்து உப்ப வேண்டியது. இதில் அது விறைத்த அப்பமாகிவிடும். பருப்பு வடையின் மாவு கெட்டியானதாதலால், மேலே எண்ணெய் தடவி வைத்தால் ஓரளவு வரும். ஆயினும் உள்ளே வறண்டிருக்கும். முறுக்கைப் பிழிந்து வைத்தால் பிஸ்கோத்தின் பதமே கிட்டும்.

அப்பளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விசிறியின் வேகத்தில் அப்பளமும் கீரையும் மேலே எழும்பிச் சுருளில் ஒட்டிக் கருகக்கூடும். அப்பளத்துக்கு நம் முன்னோர் எண்ணெயில்லாத வழியை என்றோ கண்டிருக்கின்றனர். சுட்ட அப்பளம் என்பது அதுவே.

இவை ஒருபுறம் இருக்க, நம் அன்றாடச் சமையலை நினைத்துப் பார்ப்போம். இட்டிலி ஆவியில் வேகின்றது. சோறும் பருப்பும் குழம்பும் இரசமும் தண்ணீரில் வேகின்றன. தோசை கல்லில் வார்க்கப்படுகின்றது. பொரியலும் கூட்டும் வாணலியில் ஆகின்றன. இவற்றில் ஒன்றுக்கேனும் இக்கருவி வேண்டுவதில்லை. கிழங்கையும் கோழியையும் அடுப்பில் வாட்டி உண்பதை நாள்தோறும் வழக்கமாகக் கொண்ட மேல்நாட்டுச் சமையலுக்கு இது அன்றாடக் கருவி; நமக்கோ வாரத்தில் சில நாட்களுக்கு உதவும் துணைக்கருவி.

எண்ணெய்க் கணக்கு

இப்போது உடல்நலத்தைக் கருதுவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு கொள்பவருக்குச் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம் போதும் என்று கணக்கிட்டுள்ளது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'மனதின் குரல்' வானொலி உரையில், உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு ஒவ்வொருவரும் எண்ணெயை 10 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரதமர் கேட்டுக்கொண்டார்.

வடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நால்வர் உள்ள வீட்டில், ஒவ்வொன்றும் 50 கிராம் எடையுள்ள 16 வடை பொரிக்கின்றனர் என்றும், வடையின் எடையில் 12 விழுக்காடு எண்ணெய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 96 கிராம் எண்ணெய் ஆகின்றது. தலைக்கு 24 கிராம். ஒரு நாளைக்கு உரிய அளவு முழுவதும் நான்கு வடையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கும். இதற்கு மாறாக, காற்றுப் பொரிப்பானில் நால்வருக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசிறிச் செய்த கிழங்கு வறுவலில் தலைக்கு மூன்றரைக் கிராமே சேரும். இந்த நன்மை மெய்யானது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வடை உண்ணும் வீட்டில், அந்த வடையால் தலைக்குச் சேரும் எண்ணெய் வாரத்துக்கு 24 கிராம். அதே வீட்டில் தோசைக்கும் தாளிதத்துக்கும் பொரியலுக்கும் எண்ணெயைக் கரண்டியில் அளவாமல் குப்பியிலிருந்தே சாய்த்து ஊற்றி, தலைக்கு நாளொன்றுக்கு 35 கிராம் செலவழித்தால், மிகையாகச் சேர்வது நாளைக்கு 8 கிராம். வாரத்துக்கு 56 கிராம். வடையைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல்! அத்தகைய வீட்டில் ஏர் ஃப்ரையர் வாங்கினாலும் நோயின் வேர் அப்படியே இருக்கும். அங்கே முதலில் வேண்டுவது ஓர் அளவுக் கரண்டி.

எந்த வீடும் இதைச் சோதித்து அறியலாம். தலைக்கு 27 கிராம் வீதம் நால்வருக்கு முப்பது நாளைக்கு 3,240 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர். நெய்யையும் சேர்த்து மாதம் இதற்கு மேல் வாங்கினால் குறைக்க வேண்டும் என்பது தெளிவு. வெளியே உண்பது இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பொரித்து மீந்த எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் தீய பொருள்கள் பெருகுகின்றன. 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல், 'போலார் கூட்டுப்பொருள்' எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்துள்ளது. வீட்டில் அதை அளக்க இயலாது. சிறு வாணலியில் குறைந்த எண்ணெய் வைத்துப் பொரித்து, மீந்ததை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிதத்துக்குச் செலவிட்டு முடிப்பதே நன்று. அடிக்கடி பொரித்து, பழைய எண்ணெயின்மேலேயே புதியதை ஊற்றிவரும் வீட்டுக்கு, ஏர் ஃப்ரையர் அவ்வழக்கத்தினின்று விடுதலை தரக்கூடும்.

கிழங்கையும் மாவையும் அதிகம் சிவக்க வைத்தால் 'அக்ரிலமைடு' என்னும் விரும்பத்தகாத பொருள் உண்டாகின்றது என்பதை 2002-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு அறிவியலார் வெளிப்படுத்தினர். எண்ணெய் குறைந்ததால் மட்டும் இது தோன்றாமல் போவதில்லை, அனற்காற்றிலும் தோன்றும். நறுக்கிய உருளைக்கிழங்கை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, கருஞ்சிவப்பாக விடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவது தக்க பாதுகாப்பாகும்.

பணக் கணக்கும் மின்சாரக் கணக்கும்

இக்கருவி 1,500 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொண்டால், 20 நிமிடத்துக்கு அரை யூனிட் செலவாகும். யூனிட் எட்டு ரூபாய் என்றால் நான்கு ரூபாய். எண்ணெய் லிட்டர் 160 ரூபாய் என்று கொண்டால், ஒருமுறை பொரிக்கையில் பண்டம் உறிஞ்சும் 100 மில்லி எண்ணெய்க்கு 16 ரூபாய். ஆகவே ஒருமுறைக்கு மிச்சம் 12 ரூபாய். 6,000 ரூபாய்க் கருவியின் விலை திரும்பி வர 500 முறை சமைக்க வேண்டும். வாரம் இருமுறை என்றால் ஏறத்தாழ ஐந்து ஆண்டு. மீந்த எண்ணெயில் 200 மில்லியை ஒவ்வொரு முறையும் கொட்டிவிடும் வீடாக இருந்தால், மிச்சம் 44 ரூபாயாகி, ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே விலை திரும்பிவிடும். பணம் மிச்சமாகும் என்பதற்காகவே இதை வாங்குவோர் தம் வீட்டு வழக்கத்தைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 1,500 வாட் கருவி ஆறரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். சுவரில் உள்ள சிறிய ஆறு ஆம்பியர் துளைப் பலகை அதைத் தாங்குவதற்கு உரியதன்று. பதினாறு ஆம்பியர் உள்ள பெரிய பிளக் வேண்டும். பழைய குடியிருப்புகளில் அது ஒன்றே ஒன்று இருந்து, அதிலும் குளிர்பதனப் பெட்டியோ வெந்நீர்க் கருவியோ பொருத்தப்பட்டிருக்கக்கூடும். நீட்டிப்புக் கம்பியில் கோத்து ஓட்டுவது ஆபத்து. மின்வெட்டு நேரத்தில் சாதாரண இன்வெர்ட்டர் இதை இயக்காது.

கருவியின் பின்புறத்தில் சூடான காற்று வெளியேறுவதால், சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மரத் தட்டின் அடியிலும் பிளாஸ்டிக் விரிப்பின் மேலும் வைத்தலாகாது. கூடையில் ஒட்டாப் பூச்சு இருந்தால் இரும்பு நாரால் தேய்க்காமல், வெந்நீரில் ஊறவைத்து மென்மையான பஞ்சினால் கழுவ வேண்டும். பூச்சு உரிந்த கூடையை மாற்றிவிட வேண்டும்.

அளவும் கருதத்தக்கது. நான்கு லிட்டர் என்று சொல்லப்படும் கூடையிலும் பண்டத்தை ஒற்றை அடுக்காகவே பரப்ப வேண்டும்; குவித்தால் காற்று நுழையாது, பண்டம் வாடுவதற்குப் பதில் புழுங்கிவிடும். இருவருக்கு ஒரு தடவை போதும். ஐவருக்கும் அறுவருக்கும் இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டும். அதற்குள் முதலில் எடுத்தது ஆறிவிடும்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ளவை

புதியதை வாங்குமுன் பழையதை நினைக்க வேண்டும். பணியாரக் கல் என்பது நம் வீடுகளில் பரணில் தூங்கும் ஓர் அருமையான கருவி. குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு உளுந்து மாவை வார்த்து, மூடிவைத்துத் திருப்பிவிட்டால், வெளியே முறுகலும் உள்ளே மென்மையும் உடைய வடை வரும். நெகிழ்ந்த மாவைக் குழி தாங்கிக்கொள்வதாலும், காய்ந்த இரும்பு நேரே சூட்டைத் தருவதாலும், காற்றால் இயலாத வேலை இதில் இயல்கின்றது. போண்டாவும் அப்படியே. அடிகனமான இரும்பு வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயில் மெல்லிய தீயில் கிழங்கை வறுத்தால், நேரமும் கவனமும் கூடுதலாக வேண்டுமேயன்றி எண்ணெய் கூடுவதில்லை. விசிறி பொருத்திய மின்சார ரொட்டி அடுப்பு வீட்டில் இருந்தால் அதுவே ஒரு பெரிய காற்றுப் பொரிப்பான்; அவ்வீட்டுக்கு மற்றொன்று தேவையில்லை.

யார் வாங்கலாம்? யார் வேண்டாம்?

இதுவரை கண்டவற்றால் முடிவு தெளிவாகின்றது. ஒருவரோ இருவரோ மூவரோ உள்ள வீடு; வாரத்தில் மூன்று நான்கு நாளேனும் வறுவலோ மீனோ கோழியோ செய்யும் வழக்கம்; வேலையிலிருந்து திரும்பி அடுப்பின் அருகிலேயே நின்று புரட்ட நேரமில்லாத நிலை; உறைந்த பண்டங்களையும் கடைச் சமோசாவையும் அடிக்கடி உண்ணும் பிள்ளைகள்; பெரிய பிளக்கும் மேடையில் இடமும் உண்டு. இவை பொருந்தினால் ஏர் ஃப்ரையர் வாங்கத்தக்கதே. தனியாக வசிக்கும் முதியவர்களுக்கும் ஒரு நன்மை உண்டு: காய்ந்த எண்ணெய் தெறிக்கும் அச்சம் இல்லை, குறித்த நேரத்தில் தானே நின்றுவிடுகின்றது.

பெரிய குடும்பம், இட்டிலி தோசை சாம்பார் என்ற முறையில் அமைந்த சமையல், பொரிப்பது பண்டிகைக்கும் திதிக்கும் மட்டும் என்னும் வழக்கம். இத்தகைய வீட்டில் கருவி மூன்று மாதத்தில் பரணுக்குப் போய்விடும். எரிவாயு இணைப்பின்றி அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் முதலில் வாங்க வேண்டியது இண்டக்ஷன் அடுப்பும் ஒரு குக்கரும். அவற்றில் சோறும் குழம்பும் ஆகும். ஏர் ஃப்ரையரில் அவை ஆகா.

ஐயமுள்ளோர் ஒரு சிறு சோதனை செய்யலாம். சமையலறை நாட்காட்டியில், பொரித்த நாளுக்கு ஒரு குறியும், கிழங்கு மீன் கோழி முதலியவற்றை வறுத்த நாளுக்கு மற்றொரு குறியும் இரண்டு வாரம் இட்டுவர வேண்டும். வறுத்த குறிகள் ஆறுக்கு மேல் இருந்தால் கருவி பயன்படும். குறிகளெல்லாம் வடைக்கும் பூரிக்கும் உரியவையாக இருந்தால் பயன்படாது. ஏனெனில் அவற்றை அது செய்வதில்லை.

நோயுற்ற பெரியவரின் வடையைப் பற்றித் தொடக்கத்தில் கூறினோம். அவருக்கு இக்கருவியில் செய்த உலர்ந்த வடையைக் கொடுத்து, இதுவும் வடைதான் என்று சொல்வதில் பயனில்லை. எத்தனையோ ஆண்டுகளாக உண்ட நாவை ஏமாற்ற இயலாது. அவருக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவலை இதில் செய்து வாரந்தோறும் கொடுக்கலாம். வடையைப் பணியாரக் கல்லில் வார்த்துக் கொடுக்கலாம். மருத்துவர் இசைந்தால், பொங்கலன்றும் தீபாவளியன்றும் புதிய எண்ணெயில் முறையாகப் பொரித்த வடை ஒன்றை இலையில் வைக்கலாம். மற்ற நாட்களில் வீட்டார் அனைவரும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினால், அந்த ஒரு வடைக்கு அவருடைய கணக்கில் இடம் இருக்கும்.